பூச்சு பிடித்ததா

கொஞ்சம் உட்காருங்க, எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன், சட்டியில் போட்டுத் துணி கட்டிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறுச்சாமி உள்ளே போனதிலிருந்து சென்னியப்பன் அந்தப் பச்சைக் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எரிவாயு மயானத்தின் கூடம் சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரிதான் இருந்தது. துளை போட்ட ஸ்டீல் நாற்காலிகள், மூலையில் தண்ணீர் கேன், அமைதி காக்கவும் என்று ஒரு பலகை. எல்லோரும் அமைதியாகத்தான் இருக்கிறார்கள், பலகைதான் கத்துகிறது. நேற்று மத்தியானம் இந்தக் கதவு வழியாகத்தான் வசந்தாமணியை உள்ளே அனுப்பினார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே கட்டிலில் படுத்தவள், காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடினாலும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவள், அவளை இன்றைக்கு ஒரு மண்சட்டியில் வாங்கிக்கொண்டு பேரூர் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். பக்கத்து நாற்காலியில் அவளுடைய தம்பி ஈஸ்வரமூர்த்தி, பேரூரில் சடங்குக்குச் சொல்லி வைத்திருக்கும் ஆளோடு போனில் பேசிக்கொண்டிருந்தான், பூ வாங்கியாச்சு, பால் வாங்கியாச்சு, கிளம்பிருவமுங்க என்று. எல்லாம் நடந்துகொண்டிருந்தது, நடக்க வேண்டியதுதான். ஆனால் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தது சட்டிக்காக இல்லை. வெளியே சொன்னால் மனுஷனா நீ என்பார்கள். அவர் அவளுடைய இடுப்பிலிருந்த கம்பிக்காகக் காத்திருந்தார்.

கம்பி என்பது மற்றவர்கள் வாயில். கம்பெனியில் அதற்குத் தண்டு என்று பேர். உடைந்த இடுப்பை மாற்றும்போது தொடை எலும்புக்குள் இறக்குகிற டைட்டானியம் தண்டு, ஒரு சாண் நீளம்கூட இருக்காது. வெறும் உலோகத்தை எலும்பு சேர்த்துக்கொள்வதற்கு நாளாகும், வேண்டாத விருந்தாளி வந்ததுபோல ஒதுங்கியே நிற்கும். அதனால் எலும்பில் இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்தைப் பொடியாக்கி, நெருப்புச் சுடரில் ஊதி, தண்டின் மேல் தலைமயிர்க் கனத்துக்கு ஒரு பூச்சு கொடுப்பார்கள். கோயமுத்தூரில் பம்பு செய்கிறவர்களுக்கு நடுவே அந்தச் சின்னக் கம்பெனியில் சென்னியப்பனுக்கு வாழ்நாள் முழுக்க அதுதான் வேலை. எலும்பு ஒரு ஏமாளி என்பார் அவர், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம். பூச்சைத் தன் இனம் என்று நம்பிக் கிட்டே வரும், மேலே படரும், இடுக்குகளில் புகுந்துகொள்ளும், அப்புறம் நீயே பிரி என்றாலும் பிரியாது. அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு விபரீதம் உண்டு. எலும்பு நன்றாகப் பிடித்த தண்டைச் செய்தவன் கண்ணால் பார்க்கவே முடியாது. அது போட்டவரோடு நடக்கும், மாடிப்படி ஏறும், கடைசியில் அவரோடேயே மண்ணுக்கோ நெருப்புக்கோ போய்விடும். ஆடிப்போனதும் சீழ் வைத்ததும் மட்டும்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உறையில் போட்டுத் திரும்பி வரும். ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். அவர் மேசை இழுப்பறையில் கிடந்ததெல்லாம் அந்த மாதிரிக் கேஸ்கள்தான். ஒரு சமையல்காரனுக்குச் சாப்பிடாமல் வைத்த இலையை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் பிழைப்பு. வசந்தாமணியின் தண்டும் இப்போது திரும்பி வருகிறது.

அவள் விழுந்தது துணி காயப்போடப் போன இடத்தில். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர், பாசி, ஒரு வழுக்கல். தொடைக்கு மேலே இடுப்பெலும்பு உடைந்துவிட்டது என்றார் டாக்டர். எந்தக் கம்பெனிப் பொருள் வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது சென்னியப்பன் வேறு யோசனைக்கே போகவில்லை. ஊர்ப்பட்ட பேருக்குச் செய்து கொடுத்துவிட்டுத் தன் பெண்டாட்டிக்கு வெளிநாட்டுச் சரக்கா. புதிதாக ஒரு பூச்சு அப்போதுதான் வந்திருந்தது, சுண்ணாம்புப் பொடியோடு துளி வெள்ளி கலந்தது, கிருமி அண்டாமல் இருக்க. அந்தத் தண்டுக்குத் தானே கூட நின்று பூசினார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவளிடம், உள்ளே வெள்ளி வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். மயக்கம் முழுசாகத் தெளியாதவள் சிரித்தாள். கல்யாணத்தப்போ வெள்ளிக் கொலுசு வாங்கித் தர்றேன்னு சொன்னீங்க, காலுக்கு வெளியே வரலை, உள்ளே வந்துருச்சு என்றாள். பக்கத்தில் நின்ற நர்ஸ்கூடச் சிரித்தது. இன்னொரு நாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, பேரூர் ஆத்துல எலும்பைப் போட்டா கல்லா மாறிடும்னு சொல்லுவாங்க, நீங்க கல்லுப் பொடியை எலும்பா மாத்தறீங்க, சாமிக்கே எதிர்க்கடை போட்டிருக்கீங்க என்றாள். அவளுக்கு எப்படித்தான் அப்படிப்பட்ட பேச்செல்லாம் வருமோ. இன்றைக்கு அதே ஆற்றுக்குத்தான் போகப் போகிறோம். வசந்தா, கொலுசு வாங்கித் தந்திருக்கலாம்டி.

இடுப்பாவும் இருக்கலாம். கடைசியாகச் சேர்த்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சொன்னது அவ்வளவுதான். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவளைக் காய்ச்சல் என்று கொண்டுபோனார்கள், குளிர் தூக்கிப் போட்டது, ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள், எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்பதற்குள் அவள் போய்விட்டாள். சர்க்கரை வியாதி இருந்தவங்க, சிறுநீர் வழியா வந்திருக்கலாம், இடுப்பாவும் இருக்கலாம், இனிமே தெரிஞ்சு என்னங்க பண்றது என்றார் அவர். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். சென்னியப்பனுக்கு அந்த வாக்கியம் மட்டும் நின்றுவிட்டது. இடுப்பாவும் இருக்கலாம். மகள் மேகலா அம்மாவுக்குக் கடைசியாக உடுத்தப் புடவை எடுக்கப் போனபோது துணிகளுக்குப் பின்னால் ஒரு வலித்தைல டியூப் கிடந்தது, அடிவரைக்கும் பிதுக்கிச் சுருட்டியது. அம்மாவுக்கு எங்கப்பா வலி என்று மகள் கேட்டது. தினமும் அவரும் அவளிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வலிக்குதா வசந்தா. வலிக்கலீங்க. தொடையில ஏதாச்சும் பிடிச்ச மாதிரி. இல்லீங்க. எழுந்திரிக்கும்போது. இல்லீங்கறனே. அவள் சமையல்கட்டுக்கும் பூஜை அறைக்கும் நடக்கும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து அவள் காலையே பார்ப்பார், வலது கால் ஊன்றுவது இடது காலை விட ஒரு இம்மி கம்மியோ என்று. ஒரு நாள் அவள் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். "எனக்கு வலிக்குதான்னு கேக்கறீங்களா, உங்க பூச்சு பிடிச்சுதான்னு கேக்கறீங்களா?" ரெண்டும் ஒண்ணுதானே என்றார் அவர், மடையன். ரெண்டும் ஒண்ணில்லீங்க என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கோபம்கூட இல்லை. அதற்குப் பிறகும் கேட்டார், அதற்குப் பிறகும் அவள் வலிக்கலீங்க என்றாள், அப்படியென்றால் அந்த டியூப் எதற்கு. புருஷன் பூசியது, அவர் மனசு உடைந்துபோகும், சொல்ல வேண்டாம் என்று ஒளித்து ஒளித்துத் தேய்த்துக்கொண்டாளா. கதவைச் சாத்திவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே வந்து வலிக்கலீங்க என்றாளா. அவரால் தாங்க முடியாதது இதுதான். பூச்சு தோற்றிருந்தால் தோற்கட்டும், கம்பெனியை இழுத்து மூடட்டும், தன்னை நடுரோட்டில் நிறுத்தி வைத்துக் காறித் துப்பட்டும். அவள் தனியாக வலியை அனுபவித்திருக்கக் கூடாது.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், அவர் மடியில் ஒரு கனமும் இல்லை, பயம் மட்டும் மலைபோல. அவள் தண்டுக்குப் பூசிய நாளில் பொடியை அடுப்பில் வைத்துக் காயவைத்தது ஞாபகம் இருக்கிறது. இருக்கிறதா, இல்லை, தினமும் காயவைக்கிற ஞாபகத்தை எடுத்து அந்த நாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறாரா. மழைக்காலம், காற்றில் ஈரம், ஈரப் பொடி சுடரில் சரியாக உருகாது, உருகாத பூச்சு தண்டோடு சேராது, சேராததற்கு அடியில் கிருமி குடித்தனம் வைக்கும், வெள்ளி அதை எத்தனை நாளைக்குத் துரத்தும். காயவைத்தார். காயவைக்காமல் இருப்பாரா, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு நான்கு தடவை திருகிப் பார்க்கிற ஆள். கையுறை. கையுறை போட்டுத்தான் எடுத்தார், வெறும் விரல் பட்டால் விரலின் எண்ணெய் போதும் பூச்சைக் கெடுக்க, அதனால் அந்த அறைக்குள் போகிறவர்கள் நெற்றியில் விபூதிகூடப் பூசுவதில்லை, உதிர்ந்து விழும் என்று. அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் விபூதி பூசிக்கொண்டாரா. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எவன் பூசாமல் போவான். பூசினார், மருதமலையை நினைத்து, கொஞ்சம் அழுத்தியே பூசினார். கம்பெனி வாசலில் முகம் கழுவினார், கழுவியிருப்பார், துண்டால் துடைத்துக்கொண்டது தெரிகிறது, அந்தத் துண்டின் நீலக் கரைகூடத் தெரிகிறது, ஆனால் அது அன்றைய துண்டா. ஒவ்வொரு தடவை பூசும்போதும் கூடவே ஒரு சின்ன வட்டத் தகட்டுக்கும் பூசி, அதைப் பசை போட்டு ஒட்டி, மெஷினில் கொடுத்து இழுப்பார்கள், எத்தனை பலம் கொடுத்தால் பூச்சு பிய்கிறது என்று பார்க்க. அன்றைய தகடு நன்றாகவே தாங்கியது. அது தாங்கியது, சரி. வட்டத் தகட்டுக்கு விபூதி பூசிய புருஷன் இல்லையே.

ஆகையால் நேற்றே முடிவு செய்துவிட்டார். மகள் அழுதுகொண்டிருந்தது, உறவுக்காரர்கள் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள், அப்போது சென்னியப்பன் மெள்ள ஒதுங்கி, உலைப்பக்கம் நின்ற ஆறுச்சாமியிடம், இடுப்பில் ஒரு கம்பி இருக்கும், அது எனக்கு வேண்டும், தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்று சொன்னார். ஆறுச்சாமி ஒரு மாதிரி பார்த்தார். யாரும் கேட்பதில்லை போலும், எலும்பை வாங்கிக்கொண்டு போவார்கள், உலோகமெல்லாம் சுவரோரமாக இருக்கிற டிரம்முக்குள் போய்விடும். ஆகட்டுங்க என்றார். அவ்வளவுதான் பேச்சு. நெருப்பில் போனால் என்ன, எலும்பு சுண்ணாம்பாக வெளுத்தாலும் இடுக்குக்குள் புகுந்தது புகுந்ததுதான், தண்டின் மேல் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும். சீழ் வைத்து ஆடியிருந்தால் சுற்றிலும் எலும்பு கரைந்து, தண்டு மொழுமொழுவென்று தனியாகக் கழன்று வரும், ஆடிய பல் கையோடு வருவதுபோல. இழுப்பறையில் கிடந்ததெல்லாம் அப்படித்தான் இருந்தன. வெள்ளையாக ஒட்டியிருந்தால் அவள் சொன்னது நிஜம். மொழுமொழுவென்று இருந்தால், அவ்வளவு நாளும் ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு உள்ளே குத்தியிருக்கிறது, அவள் சிரித்துக்கொண்டே நடந்திருக்கிறாள், நான் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். வெள்ளையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தார், எந்தச் சாமியிடம் என்று தெரியவில்லை, வேண்டிக்கொண்டுதான் போன தடவை கெடுத்தோமோ என்று அந்த விபூதி மறுபடி வந்து நின்றது. வெளியே யாரோ ஒருவருக்குச் சங்கு ஊதினார்கள். இன்னொரு வண்டி வந்து நிற்கிறது, இன்னொரு குடும்பம் இறங்குகிறது, அவர்களில் ஒரு பெண் செருப்பைத் தேடுகிறாள், செருப்பு காலில்தான் இருக்கிறது. ஈஸ்வரமூர்த்தி போனை வைத்துவிட்டு, மாமா, இங்க ஆளுங்ககிட்ட அந்தக் கம்பியைக் கேட்டீங்களாமே, அதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுங்க, பெரியவங்க திட்டுவாங்க என்று மெதுவாகச் சொன்னான். நல்ல பையன், ஒரு சொல் அதட்டிப் பேசத் தெரியாது, அக்காவைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டு பேசுவான். அதைப் பார்க்க முடியாமல் சென்னியப்பன் மறுபடி கதவைப் பார்த்தார். கதவு திறந்தது.

ஆறுச்சாமி இடது கையில் சட்டியை அணைத்துக்கொண்டு வந்தார், அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வலது கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் மடித்த துண்டின் மேல் தண்டு. சென்னியப்பன் எழுந்தார். தண்டு பளபளவென்று இருந்தது. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு வெள்ளைப் பொட்டு கிடையாது. மொழுமொழுவென்று, நேற்றுத்தான் கடைந்து எடுத்ததுபோல. அப்படியென்றால் சரி. தெரிந்துகொள்ள வந்தாய், தெரிந்துகொண்டாய், போ. அவள் சமையல்கட்டுக்கு நடந்தாள், குத்தியது, பூஜை அறைக்கு நடந்தாள், குத்தியது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாளே, அது கோபத்தில் இல்லை, வலியில். காது அடைத்துக்கொண்டது. ஈஸ்வரமூர்த்தி முழங்கையைப் பிடித்தான். ஆறுச்சாமி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், லேட் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் விழுந்தது. இது இப்படியேதான் இருந்ததா என்று கேட்டார் சென்னியப்பன். கேட்டது தன் குரல்தானா என்பதே சந்தேகம். ஆறுச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது, தன் வேலையில் குறை கண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

"அட, இல்லீங்க. அதனாலதாங்க நேரமாயிருச்சு. மத்தவங்களுதெல்லாம் கூட்டித் தள்ளும்போதே தனியா வந்துருமுங்க. இது எலும்போட எலும்பா ஒட்டிட்டு விடவே மாட்டேன்னுருச்சு. சுத்தியல்ல தட்டித் தட்டித்தான் பேத்தெடுத்தனுங்க. நீங்க ஆசையாக் கேட்டீங்க, அழுக்கா எப்படிக் குடுக்கறதுன்னு கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன். அம்மாவோட எலும்பு ஒரு துணுக்குகூடக் கீழ விடலீங்க, அத்தனையும் சட்டிக்குள்ள போட்டுட்டேன்."

முதலில் வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம், பெண்டாட்டியின் அஸ்தியைக் கையில் வாங்குகிற நேரத்தில் எவனுக்கும் வரக்கூடாதது. பிடித்திருக்கிறது. சுத்தியலால் தட்டினாலும் விடாத அளவுக்குப் பிடித்திருக்கிறது. ஒரு ஆயுளுக்கு ஒரே ஒரு தடவை பார்க்கக் கிடைத்திருக்கும், அப்படியே எடுத்து வையுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால். பத்திரமாக என்று சொன்னார், அந்த மனுஷர் பத்திரமாகத் தேய்த்துக் கழுவி, துண்டு விரித்துக் கொண்டுவந்துவிட்டார். யாரை நொந்துகொள்வது. பரவாயில்லை, போகட்டும். காய்ச்சல் எங்கிருந்தோ வந்தது, இடுப்பிலிருந்து இல்லை. தைலம் முழங்காலுக்கோ தோளுக்கோ, எதற்காகவோ இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பற்றி அவர் அவளைக் கேட்டதில்லை, அவர் கேட்டது இடுப்பை மட்டும்தான். இடுப்பைக் கேட்டபோதெல்லாம் அவள் இல்லை என்றாள், இல்லைதான். இந்தச் சட்டிக்குள் அவள் எலும்போடு அவர் பூசிய பொடியும் கிடக்கிறது, இனி எந்த மெஷினில் கொடுத்து இழுத்தாலும் இது வேறு அது வேறு என்று பிரிக்க முடியாது. அவர் தட்டைத் தொடவில்லை. இது வேண்டாங்க, நீங்களே போட்டுருங்க என்றார். அப்புறம் அந்த நல்ல மனுஷர் வருத்தப்பட்டுவிடப் போகிறாரே என்று, ரொம்ப நல்லாச் சுத்தம் பண்ணியிருக்கீங்க என்றும் சொன்னார். இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக்கொண்டார். நினைத்ததைவிட லேசாக இருந்தது. டிரம்முக்குள் தண்டு விழுந்த சத்தம் பின்னால் கேட்டது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் வெயில் ஏறியிருந்தது. ஈஸ்வரமூர்த்தி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், சட்டி இடிபடாமல் ஏறுவதற்குத் தோதாக. காலையிலிருந்து சென்னியப்பன் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது, சொல்ல வேண்டியவளைத் தவிர மிச்சம் இருப்பது இவன்தான்.

"மாப்ள, உங்கக்கா எங்கிட்டப் பொய் சொல்லலை."

அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எந்தப் பொய், எப்போது என்று கேட்கவும் இல்லை. துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான்.

"அக்காவுக்குப் பொய் சொல்லவே வராதுங்களே, மாமா."

ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். பிறந்த வீட்டுக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும், மேகலாவுக்குத் தெரியும், அவருக்குத்தான் சாட்சிக்கு ஒரு கம்பி வேண்டியிருந்தது. சென்னியப்பன் காரில் ஏறவில்லை. சட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, வருகிறவர்கள் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகும்படியாக, அந்த வாசல் நடுவிலேயே உட்கார்ந்து அழுதார்.